ஹப்பிள் காமா வெடிப்பைப் பிடிப்பதில்லை

காமா கதிர் வெடிப்பு என்பது தொலைதூர விண்மீன் மண்டலத்தில் நிகழ்ந்து, மிக உயர் ஆற்றல் கொண்ட ஒளியான காமா கதிரை வீசும் திடீர் வெடிப்பு. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியைப் பற்றி ஒருவர், "காமா கதிர் வெடிப்புகளை ஹப்பிள்தான் படமெடுத்துக் கண்டுபிடிக்கிறது" என்று எழுதியிருக்கிறார். இது தவறு. ஹப்பிளின் கண்ணாடியால் காமா கதிரைக் குவிக்கவே முடியாது. அது ஊடுருவிப் போய்விடும்.

வெடிப்பை முதலில் உணர்வது ஃபெர்மி, ஸ்விஃப்ட் போன்ற செயற்கைக்கோள்கள். 2008-இல் ஏவப்பட்ட ஃபெர்மியின் வெடிப்புக் கண்காணிப்புக் கருவியில் வெவ்வேறு திசை பார்க்கும் 12 சோடியம் அயோடைடு உணரிகளும், உயர் ஆற்றலுக்கென இன்னும் 2 உணரிகளும் உண்டு. காமா கதிர் உணரியிலுள்ள படிகத்தில் பட்டால் சின்ன ஒளி மின்னும். அதன் அளவுதான் ஆற்றலைச் சொல்கிறது. எந்த உணரியில் எத்தனை முறை ஒளி மின்னியது என்று ஒப்பிட்டுத் திசையைக் கணிக்கிறார்கள். அழகான முறை, ஆனால் பல பாகை வரை பிழை வரும்.

ஸ்விஃப்ட் இன்னும் துல்லியம். ஈயத் துண்டுகள் பதித்த மறைப்பின் நிழல் உணரிமேல் விழும் விதத்தை வைத்து இடத்தைக் கணித்து, ஒன்றிரண்டு நிமிடங்களில் தானே அந்தப் பக்கம் திரும்பி எக்ஸ் கதிரில் பார்க்கும். அப்புறம்தான் ஹப்பிளுக்கு வேலை: வெடிப்புக்குப் பின் மெல்ல மங்கும் பின்னொளியையும் அது நிகழ்ந்த விண்மீன் மண்டலத்தையும் பார்ப்பது. தொலைவு பெரும்பாலும் அந்தப் பின்னொளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையிலிருந்தே தெரிகிறது. ஹப்பிளின் பங்கு பெரியது, ஆனால் முதல் எச்சரிக்கை அதனுடையது அல்ல.