மாவலி சுற்றினால் காருக்கு ஆகாதாம்

கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள் எங்கள் நகர் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு. "தெருவில் யாரும் மாவலி சுற்ற வேண்டாம். பொறி பட்டு கார் பெயின்ட் போகிறது." மாவலி என்றால் கரித்தூளைத் துணியில் கட்டி, கங்கு வைத்துச் சுற்றிப் பொறி பறக்கவிடும் கார்த்திகை விளையாட்டு. அறிவிப்புக்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். இதே ஆட்கள்தான் ஒன்றரை மாதம் முன்னால், தீபாவளி ராத்திரி பதினொன்றரை வரைக்கும், அதே கார்களுக்கு நடுவில் ஷாட் விட்டார்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்க இரண்டு மணி நேரம்தான் என்றது. தமிழக அரசு அதைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்துக் கொடுத்தது. எங்கள் தெருவில் கடிகாரம் பார்த்தவன் எவனும் இல்லை. அன்றைக்கு யார் கார் பெயின்டும் போகவில்லையா?

சரி, ஊருக்காவது போவோம் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கெடிலம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனேன். கார்த்திகைக்குக் கோயில் வாசலில் பனைமரம் நட்டு, ஓலை கட்டிக் கொளுத்துவதுதான் சொக்கப்பனை. அந்தப் பெயரில் ஒரு சவுக்குக் கம்பு நின்றது. அதைச் சுற்றி நான்கு தென்னங்கீற்று, அதுவும் மழையில் ஊறியது. பற்றவே இல்லை. ஒருத்தர் தன் வண்டியிலிருந்து பெட்ரோல் பிடித்து வந்து ஊற்றினார். குப்பென்று ஒரு நிமிஷம் எரிந்தது, அவ்வளவுதான். நின்றவர்கள் எல்லோர் கையிலும் போன். வீட்டுக்குத் திரும்புவதற்குள் 'நம்ம பாரம்பரியம்' என்று ஸ்டேட்டஸ் வந்துவிட்டது. பெட்ரோல் ஊற்றியதை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

அதே இடத்தில் முழுப் பனைமரத்தை நட்டு, அடியிலிருந்து நுனி வரை காய்ந்த ஓலை கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். ஓலை படபடவென்று வெடிக்கிற சத்தத்துக்கே நாங்கள் நாலடி பின்னால் ஓடுவோம். அணைந்ததும் பெரியவர்கள் அரைகுறையாக எரிந்த மட்டைக்கு அடித்துக்கொள்வார்கள், வயலில் கொண்டுபோய் நடுவதற்கு. எங்கள் ஆயா அந்தக் கரியை எடுத்து எங்கள் நெற்றியில் அப்பிவிடும்.

கேட்டால் மழை என்கிறார்கள். கடலூரில் கார்த்திகையில் மழை பெய்யாமல் சித்திரையிலா பெய்யும்? 2024-இல் நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியது, அடுத்து தென்பெண்ணை ஆறு வீடுகளுக்குள் புகுந்தது, டிசம்பர் 13 கார்த்திகை. அந்த வருஷம் வேண்டாம் என்றால் வாயை மூடிக்கொள்கிறேன். மற்ற வருஷங்களுக்கு என்ன கேடு? எங்கள் தாத்தா ஐப்பசிக்கு முன்னாடியே ஓலையை வெட்டி மாட்டுக்கொட்டகைப் பரணில் ஏற்றிவிடுவார். இப்போது பரணும் இல்லை, ஏறி வெட்ட ஆளும் இல்லை. பனையே எங்கே இருக்கிறது? ஏரிக்கரையில் நின்றதெல்லாம் செங்கல் சூளைக்குப் போயாகிவிட்டது. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் சொன்னார்கள். எங்கள் ஏரிக்கரை அதற்கு முன்பே மொட்டை.

மாவலிக்கும் அதே கதிதான். கடைத்தெருவில் 150 ரூபாய் கொடுத்து இரண்டு வாங்கினேன். உள்ளே வெறும் அடுப்புக்கரித் தூள். என் மகள் கை வலிக்கச் சுற்றினாள், நாலு பொறி விழுந்தது. "அப்பா, இதுக்கா இவ்ளோ கதை சொன்னீங்க?"

சித்தப்பா கட்டுகிற மாவலியை அவள் பார்த்ததில்லை. ஆண்பனையின் பூவைப் பொறுக்கிக் காயவைத்து, குழியில் போட்டுக் கொளுத்துவார். சாம்பலாகிவிடாமல் சரியான நேரத்தில் மண்ணைத் தள்ளி மூட வேண்டும், அந்த நேரம் அவருக்கு மட்டும்தான் தெரியும். கரியை அம்மியில் மாவாக அரைத்து, பழைய வேட்டித் துணியில் கொட்டி, சுருட்டு மாதிரி இறுக்கிக் கட்டுவார். பிளந்த பனைமட்டை மூன்றுக்கு நடுவில் அதைச் செருகி, மேலே நீளமாகக் கயிறு. நுனியில் நெருப்புக் கங்கு வைத்து ஊதிவிட்டுச் சுற்றினால் தலைக்கு மேல் குடை விரித்த மாதிரி பொறி கொட்டும். தெரு முழுக்க "மாவலியோ மாவலி" என்று கத்தல். சட்டையில் பொத்தல் விழும், அம்மா திட்டும். அடுத்த வருஷமும் அதே சட்டையைத்தான் போடுவோம்.

குழுவில் ஒருத்தர் புகை, மாசு என்று எனக்குப் பாடம் எடுத்தார். மாவலியில் புகையே இல்லை என்று நான் சொல்லவில்லை. போகிக்கு டயர் கொளுத்தாதே என்றால் முதல் ஆளாக நானும் கை தூக்குவேன். ஆனால் பேரியம் கலந்த வெடிக்கே நீதிமன்றம் தடை போட்ட பிறகும் பெட்டி பெட்டியாக வாங்கி விட்டவர், பனம்பூக் கரியைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்வதுதான் தாங்கவில்லை.

சித்தப்பாவிடம் போனில் பேசிவிட்டேன். ஊரில் இன்னும் மூன்று ஆண்பனை மிச்சம் இருக்கிறதாம். "நீ வாடா, குழி நான் வெட்டி வைக்கிறேன்" என்றார். அடுத்த கார்த்திகைக்கு எங்கள் தெருவில் இருபது மாவலி சுற்றும். கார் வைத்திருப்பவர்கள் இப்போதே தார்ப்பாய் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.