அந்த வீடு யாருடையது?

திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு 2023இல் நேரடி விமானம் தொடங்கிய பிறகு, வியட்நாம் போய்வந்த நண்பர்களின் படங்களை அடிக்கடி காண்கிறேன். வடக்கே சீன எல்லையை ஒட்டிய சாபாவின் படிக்கட்டு வயல்களும் அவற்றுள் உண்டு. கூடவே ஒரு குறையும் வந்துவிடுகிறது: "மலைக்கிராமத்து ஹோம்ஸ்டேயிலும் சிமென்ட் தரை, வைஃபை, பழைமையே இல்லை."

சாபாவை அடுத்த முவோங் ஹோவா பள்ளத்தாக்கில் இரண்டு நாள் நடந்தவன் என்ற முறையில், இந்தக் குறையை என்னால் ஏற்க முடியவில்லை. எங்களுக்கு வழிகாட்டிய, அங்குள்ள மலைவாழ் மோங் இனப் பெண்ணின் விரல்கள், சணல் துணிக்கு அவுரிச் சாயம் ஏற்றி ஏற்றி நீலம் பாரித்திருந்தன. சிறுமியாக இருந்தபோது சாபா தெருக்களில் பூத்தையல் பைகளை விற்றுக்கொண்டே பயணிகளிடம் ஆங்கிலம் பேசக் கற்றவர், எழுதத் தெரியாது. அங்கே குளிர் மிகுதியென்பதால் ஆண்டுக்கு ஒரு போகம்தான் நெல் விளைகிறது என்றும், அது வீட்டுச் சோற்றுக்கே சரியாகிவிடுவதால் பிள்ளைகளின் படிப்புக்கும் மருந்துக்கும் இந்த நடைக்கூலியையே நம்பியிருப்பதாகவும் சொன்னார்.

லாவ் சாய் என்னும் கிராமத்தில் அவருடைய வீட்டிலேயே தங்கினோம். மறுநாள், ஸாய் இனத்தவர் வாழும் தா வான் கிராமத்தில், மரத்தாலும் மூங்கிலாலும் இழைத்த ஓர் அழகான விடுதியைக் கண்டு நான் வியந்து நின்றபோது, நகரத்துக்காரர் ஒருவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கட்டியது அது என்றும், நிலத்துக்குரிய குடும்பத்துப் பெண் அங்கே சமையல் வேலை செய்கிறார் என்றும் எங்கள் வழிகாட்டி சொன்னார். பழைமை வேண்டுவோர் தேடும் எல்லாமும் அந்த விடுதியில் இருந்தன, வருமானத்தில் ஊராருக்கு உரிய பங்கைத் தவிர.

பெரிய முதலீடு வரும்போது இது இன்னும் கூர்மையாகிறது. 3,147 மீட்டர் உயரமுள்ள ஃபான்சிபான் சிகரத்துக்கு, 2016இல் கம்பிவட ஊர்தி வந்தபின், இரண்டு நாள் ஏறவேண்டிய மலையைச் சுமார் கால் மணி நேரத்தில் எட்டிவிடலாம். முதியோரும் சிகரம் காண்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டணத்தில் சுமைதூக்கிக்கும் வழிகாட்டிக்கும் என்ன இருக்கிறது?

மோங் பெண்களே வழிகாட்டிகளாக இருந்து நடத்தும் 'சாபா சிஸ்டர்ஸ்', மோங் பெண் ஒருவர் தொடங்கி நடைப்பயண வருவாயைப் பிள்ளைகளின் கல்விக்குச் செலவிடும் 'சாபா ஓ சாவ்' போன்ற அமைப்புகள் அங்கேயே இருக்கின்றன. ஹனோயில் முகவரிடம் மொத்தமாகப் பணம் கட்டுமுன், வீடு யாருடையது, வழிகாட்டியின் கைக்கு எவ்வளவு போகும் என்று கேட்பதில் நமக்கென்ன கூச்சம்? காய்கறிக் கடையில் ஐந்து ரூபாய்க்கு வாதாடுகிறவர்கள்தானே நாம்!

லாவ் சாய் வீட்டிலும் வைஃபை இருந்தது, நன்றாகவே வேலை செய்தது. இரவு அடுப்படியில் உட்கார்ந்து, அடுத்த வாரம் வரவிருந்த விருந்தினருக்கு எங்கள் வழிகாட்டி குரல்பதிவாகவே பதில் அனுப்பிக்கொண்டிருந்தார்.