நாப்பது மணி நேரத்துல ஏர்லைன் வேலையா?

அண்ணா, மேல நீங்க போட்டிருக்கற "பிளையிங் கிளப்ல சேந்து 40 மணி நேரம் ஓட்டுனா போதும், ஏர்லைன்ல வேலை"ங்கறது தப்புங்க. அந்த 40 மணி நேரம் பிபிஎல்லுக்கு, அதாவது பிரைவேட் லைசென்சுக்கு. அதை வெச்சு சொந்த ஆசைக்கு ஓட்டலாம், வீட்டாளுகளைக் கூட்டிட்டுப் போலாம், ஆனா ஒத்தை ரூவா சம்பளம் வாங்கி ஓட்டக்கூடாது.

சம்பளத்துக்கு ஓட்ட சிபிஎல், அதாவது கமர்ஷியல் லைசென்சு வேணுமுங்க, அதுக்கு மொத்தம் 200 மணி நேரம், அதுல 100 மணி நேரம் நீங்களே கமாண்டரா ஓட்டியிருக்கோணும், ராத்திரி பறக்கறது, கருவியை மட்டும் பாத்து ஓட்டறதுன்னு தனித்தனியா கணக்கு இருக்குது, அதுக்கு மேல டிஜிசிஏங்கற மத்திய அரசு விமானத்துறை ஆபீசு வெக்கற பரிச்சை, நேவிகேஷன் (வழி கண்டு ஓட்டறது), மெட்டியராலஜி (வானிலை), ரெகுலேஷன் (சட்டதிட்டம்)னு ஒவ்வொரு பேப்பர்லயும் 70 சதவீதம் எடுக்கோணும். அதெல்லாம் முடிச்சாலும் ஏர்பஸ் மாதிரி பெரிய பிளேன்ல உக்கார டைப் ரேட்டிங், அதாவது அந்த ரகப் பிளேனுக்குன்னே எடுக்கற பயிற்சியும் தகுதியும், தனிச் செலவுங்க.

இதைப் படிச்சுப்போட்டு பொள்ளாச்சி, கோபி பக்கம் யாராச்சும் பையனுக்காகக் காட்டை வித்துப்போடுவாங்கன்னு பயமா இருக்குதுங்க. பீஸ் கட்டறதுக்கு முன்னாடியே பைலட்டுகளுக்கான உடம்புப் பரிசோதனை, கிளாஸ் 2, கிளாஸ் 1 மெடிக்கல் ரெண்டையும் முடிச்சுப்போடுங்க. கண்ணாடி போட்டா ஆகாதுன்னு இன்னொருத்தர் சொன்னதும் சரியில்லைங்க, கண்ணாடியோட பார்வை 6/6 வந்தாப் போதும், நிறம் பிரிச்சுப் பாக்கறதுல குறை இருந்தா சிக்கல்.

பொழுதுபோக்குக்கு மட்டும்னா பத்தாவது பாஸ், 17 வயசு, பிபிஎல் தாராளமுங்க.