பாசல் மாநாட்டின் 'ரகசியத் திட்டம்': உண்மை என்ன?

"1897-ல் பாசல் நகரில் கூடிய சியோனிஸ்டுகள் உலகை ஆளத் தீட்டிய ரகசியத் திட்டம் இதோ" என்று 'சியோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' (Protocols of the Elders of Zion) என்ற ஆவணம் பிடிஎஃப்பாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது அப்பட்டமான பொய்.

யூதர்களுக்குத் தாயகம் கோரிய சியோனிச இயக்கத்தின் தலைவர் தியோடர் ஹெர்சல் சுவிட்சர்லாந்தின் பாசலில் கூட்டிய அந்த மாநாடு ஆகஸ்ட் 29 முதல் 31 வரை பத்திரிகையாளர்கள் முன்னிலையில் நடந்தது. ஏறத்தாழ 200 பேர் வந்தார்கள். பேச்சுகள் ஜெர்மன் மொழியில் அச்சாகி வெளிவந்தன. பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குச் சட்டப் பாதுகாப்புள்ள தாயகம் என்பதே தீர்மானம். உலக சியோனிச அமைப்பு அங்கேதான் உருவானது.

பரவும் ஆவணமோ 1903-ல் ரஷ்யாவில் யூத எதிர்ப்புப் பத்திரிகை ஒன்றில் வந்தது. 1921-ல் லண்டன் 'டைம்ஸ்' நிருபர் பிலிப் கிரேவ்ஸ் அதன் குட்டை உடைத்தார். 1864-ல் மோரிஸ் ஜோலி பிரான்ஸ் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைச் சாடி எழுதிய பிரெஞ்சு நூலிலிருந்து பத்தி பத்தியாகத் திருடியிருந்தார்கள். ஜோலி நூலில் யூதச் சதி பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அதில் ஒரு பாத்திரமாக வரும் இத்தாலிய அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி, "விஷ்ணுவைப் போல என் பத்திரிகைகளுக்கு நூறு கைகள்" என்கிறார். போலி ஆவணத்திலும் அதே விஷ்ணு, அதே நூறு கைகள்! பேசுபவர் மட்டும் யூதத் தலைவர்.

உலக சியோனிச அமைப்பை விமர்சிக்க வேண்டுமா? அதற்குப் பொய் தேவையில்லை. அது 1901-ல் தொடங்கிய யூத தேசிய நிதி, 1920-களில் பாலஸ்தீனத்தின் ஜெஸ்ரீல் பள்ளத்தாக்கில் வெளியூர் நிலச்சுவான்தார்களிடம் நிலம் வாங்கியது. அங்கே உழுதுகொண்டிருந்த அரபுக் குத்தகை விவசாயிகள் வெளியேற்றப்பட்டார்கள். இது பதிவான வரலாறு.