பெரிய மீனை விட்டுவிட்டால் போதுமா?

பினாங்கின் தெலுக் கும்பாரில் எங்களோடு தூண்டில் போட வரும் அண்ணன் ஒருவர், ஐந்து கிலோவுக்கு மேல் சியாகாப் (கொடுவா மீன்) மாட்டினால் கடலிலேயே விட்டுவிடுவார். "தாய் மீன் தம்பி, அது இருந்தாத்தான் குஞ்சு" என்பார். சரிதான். சியாகாப் முதலில் ஆணாக இருந்து, பெரிதான பிறகே பெண்ணாக மாறும். அவரைப் பார்த்து நானும் விடப் பழகினேன். ஆனால் விட்ட மீன் எதைத் தின்னும் என்று எங்கள் கூட்டத்தில் யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

இழுவை வலையில் வந்து, சாப்பிடத் தேறாது என்று ஒதுக்கப்படும் பொடிமீனை இங்கே ஈக்கான் பாஜா என்கிறோம். கூடையைக் கிளறிப் பாருங்கள். காரல், சாளை, விரல் நீளக் கெம்போங் (கானாங்கெளுத்தி) எல்லாம் கிடக்கும். இவைதான் பெரிய மீன்களின் சாப்பாடு. அதே கூடையில் தெங்கிரி (வஞ்சிரம்), ஜெனாஹாக் போன்ற பெரிய மீன்களின் குஞ்சுகளும் கிடக்கும். ஒரு பகுதி மீன்தூளுக்குப் போகிறது, இன்னொரு பகுதி கூண்டில் வளரும் சியாகாப்புக்கு. கடலில் இருக்கும் சியாகாப்பின் இரையை எடுத்துக் கூண்டுச் சியாகாப்புக்குப் போடுகிறோம்!

அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஸ்ட்ரைப்டு பாஸ் என்றொரு மீன், அங்குள்ள தூண்டில்காரர்களுக்கு உயிர். அது அருகிப்போகவே, மேரிலாந்து மாநிலம் 1985இல் அதைப் பிடிக்கவே தடை போட்டது. தடை பலித்தது. 1995இல் மீன் மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள். அப்புறம் அந்த மாநிலத்தை ஒட்டிய செசபீக் விரிகுடாவில் மெலிந்த, புண் பிடித்த மீன்களாக வரத் தொடங்கின. அவற்றின் முக்கிய இரையான மென்ஹேடன் என்ற சிறு மீனை ஆலைகள் மீன்தூளுக்கும் எண்ணெய்க்கும் அள்ளிக்கொண்டிருந்தன. பசி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பெரிய மீனின் பசியையும் சேர்த்து மென்ஹேடனுக்கு அளவு வைக்கும் முறையை 2020இல்தான் ஏற்றார்கள். கால் நூற்றாண்டு போய்விட்டது.

நார்வேயும் ரஷ்யாவும் பாரென்ட்ஸ் கடலில் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டன. 1980களின் நடுவில் அங்கே கோட் என்ற பெரிய மீனின் முக்கிய இரையான கேப்லின் மீன் சரிந்தது. (நம் ஜப்பானியக் கடைகளில் ஷிஷாமோ என்று முட்டையோடு தருவது பெரும்பாலும் இதுதான்.) கோட் மீன்கள் தம் இனக் குஞ்சுகளையே தின்றன, கடற்பறவைகள் பட்டினியில் செத்தன, சீல்கள் இரை தேடிக் கரையோர வலைகளில் சிக்கின. இன்று அங்கே கோட் தின்னப்போவதைக் கழித்த பிறகும், முட்டையிட இரண்டு லட்சம் டன் மிஞ்சும் என்பது 95 விழுக்காடு உறுதியானால்தான் கேப்லின் பிடிக்க அனுமதி.

நம் கடலில் இப்படி இரண்டு மீனை வைத்துக் கணக்குப் போட முடியாது. ஒரே இழுப்பில் எத்தனையோ வகை ஏறும். அதனால்தான் வலையிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். இழுவை வலையில் மீன் வந்து சேரும் அடிப்பையின் கண்ணி 38 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்று விதி இருக்கிறது. அதைத் துறைமுகத்திலேயே அளந்து பார்க்க வேண்டும். கரையோரத்தில் இழுக்கும் படகுகளைத் தடுக்க வேண்டும். 1975இல் கெடாவில் பழைய டயர்களை இறக்கியதிலிருந்து மீனுக்குச் செயற்கைப் பாறை போட்டுக்கொண்டே இருக்கிறோம். வீடு கட்டிக் கொடுத்தாயிற்று, சோறு?

கூண்டு வைத்திருப்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பொடிமீனை விட்டு, பெலட் என்ற குறுணைத் தீவனத்துக்கு மாற அவர்களுக்கு அரசாங்கம் கைகொடுக்க வேண்டும். சின்னப் படகில் நாலு கூடை கெம்போங் பிடித்து வருபவரின் வயிற்றில் முதலில் கைவைக்கவும் கூடாது. கெம்போங் தெங்கிரிக்கு மட்டும் இரையில்லை, நம் வீட்டுக் குழம்புச் சட்டியும் அதை நம்பித்தான் இருக்கிறது.

இங்கே பினாங்கில், பத்து மாவுங்கிலேயே மீன்வள ஆய்வு நிலையம் இருக்கிறது. தூண்டில்கார நண்பர்களே, பெரிய மீனுக்கு அளவுக் கட்டுப்பாடு வேண்டும் என்று அதிகாரிகளிடம் பேசப் போகும்போது, பாஜா கூடையில் என்னென்ன மீன் எத்தனை கிலோ ஏறுகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நானும் கூட வருகிறேன்.