"பையன் செட் ஆகலை" என்று சொல்லும் முன்

புதுச்சேரியில் அச்சு டிசைன் கடைகளில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளில் பலர், சேர்ந்த கொஞ்ச நாளிலேயே "இந்த இடம் எனக்குச் சரிப்படாது" என்று கிளம்பிவிடுகிறார்கள். கடைக்காரர்களோ "பையன் செட் ஆகலை, வேகம் பத்தலை" என்கிறார்கள். திறமையையும் குணத்தையும் குறை சொல்வதற்கு முன், அந்தப் பிள்ளைக்கு யாராவது உட்கார்ந்து வேலையைச் சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் கிடையாது.

தமிழ் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி வகுப்பில் எல்லாம் இங்கிலீஷ். இங்கே வந்தால் பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுன் உணவகத்து மெனு கார்டு தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு என்று மூன்று மொழியில் நிற்கும். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் தமிழை ஒட்டினால் கொம்பு இடம் மாறி, 'கொ' உடைந்துபோகும். கடையின் பழைய ஃபைல்கள் பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் இருக்கும். அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் வடிவங்கள் இருக்கும். ஃபான்ட்டை மாற்றியதும் வரி முழுக்க ஆங்கில எழுத்தாகச் சிதறும். எந்தக் கணினியிலும் தமிழாகவே நிற்கும் யுனிகோடுக்கு மாற்றிய பிறகு, பழைய அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தே ஆக வேண்டும். பிரெஞ்சில் 'கஃபே'யின் கடைசி எழுத்துக்கு மேல் சாய்கோடு வேண்டும்: விண்டோஸில் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு 0233. சொன்னால் ஒரு நிமிட வேலை. சொல்லாவிட்டால் அரை நாள் தேடல், கூடவே "ஸ்லோ" என்ற பெயர்.

அச்சிலும் அப்படித்தான். விசிட்டிங் கார்டுக்கு 300 ரெசல்யூஷன், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல்; சுற்றிலும் 3 மி.மீ. பிளீட், அதாவது வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம். அதே 300-ஐ 10×8 அடி ஃப்ளெக்ஸுக்கு வைத்தால் 36,000×28,800 பிக்சல், கணினி திணறும். தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு 72 முதல் 100 போதும். பொடி எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும். நாலு கலரும் கலந்தால், அவை ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது துளி விலகினாலும் எழுத்துக்கு நிழல் தட்டும். பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது எழுத்தை கர்வாக (ஃபான்ட் தேவைப்படாத, ஆனால் அடித்துத் திருத்த முடியாத கோட்டு வடிவமாக) மாற்றுங்கள், ஆனால் மாற்றாத பிரதி ஒன்று தனியாக இருக்கட்டும். அது இல்லாவிட்டால் போன் நம்பர் திருத்தம் வரும் அன்றைக்கு முழுவதையும் திரும்ப அடிக்க நேரும்.

பிள்ளைகளை அதிகம் நோகடிப்பது திருத்தம்தான். "இன்னும் கொஞ்சம் பளிச்சுனு பண்ணு தம்பி" என்று வாடிக்கையாளர் சொன்னால் படைப்பே பிடிக்கவில்லை என்று மனசு விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளே, அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். "கடைப் பேரைப் பெருசாக்கணுமா, கலரை மாத்தணுமாண்ணே?" என்று கேளுங்கள். பாதி நேரம் அவர் சொல்ல வந்தது பெயரின் அளவாகத்தான் இருக்கும். அவர் பார்த்துச் சரி சொல்ல அனுப்பும் ஒவ்வொரு புரூஃபுக்கும் எண் போட்டு அனுப்புங்கள், எதற்கு சரி சொன்னார் என்பது எழுத்தில் இருக்கும். லோகோவை வாட்ஸ்அப்பில் டாகுமென்ட்டாகக் கேட்டு வாங்குங்கள். போட்டோவாக வந்தால் சுருங்கிவிடும்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் வாரமே அவசர ஆர்டரைத் தலையில் கட்டாதீர்கள். அச்சாகி முடிந்த ஒரு கார்டைக் கையில் கொடுத்து, அதேபோல முதலிலிருந்து செய்யச் சொல்லுங்கள். தவறினால் வாடிக்கையாளர் முன்னால் திட்டாதீர்கள். கடையின் ஃபான்ட் பட்டியல், பிரஸ் கேட்கும் அளவுகள், எந்த வாடிக்கையாளர் இனிஷியலை எப்படிப் போடச் சொல்வார் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி கணினிப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.