தமிழ் நேசன்: புலனத்தில் சுற்றும் செய்தி உண்மையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரின் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “மலாயாவின் முதல் தமிழ்ப் பத்திரிகை தமிழ் நேசன். அது நின்றதோடு மலேசியாவில் தமிழ் நாளிதழே இல்லை.” இரண்டும் தவறு.

கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் தமிழ் நேசனைத் தொடங்கியது 1924-இல். அதற்கு 37 ஆண்டுகள் முன்பே, 1887-இல், மகுதூம் சாயபு சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ வார இதழை நடத்தினார். ‘அது சிங்கப்பூர்தானே’ என்று சிலர் கேட்கலாம். சரி, ஆனால் அன்று சிங்கப்பூரும் பினாங்கும் மலாக்காவும் ஒரே நிர்வாகத்தில் இருந்தன. இன்றைய எல்லையை வைத்து அந்த இதழைத் தள்ளிவிடுவது நியாயமில்லை.

இதனால் தமிழ் நேசனின் பெருமை குறையாது. பால்மரத் தோட்டங்களில் எழுத்தறிந்த ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) மக்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம் உண்டு. 2019-இல் அது நின்றபோது மனம் கனத்தது உண்மை.

ஆனால் அதற்குப் பிறகும் மக்கள் ஓசை, மலேசிய நண்பன் ஆகிய நாளிதழ்கள் வெளிவந்தன. ‘ஒன்றுமே இல்லை’ என்று பரப்பினால், இருப்பதையும் யாரும் வாங்க மாட்டார்கள். பகிர்ந்தவர்கள் அதே குழுவில் திருத்தத்தையும் போடுங்கள்.